ஏழாம் தகப்பன்

ஓர் இணையதளத்தை நம்பலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் பெகாயிம் என்ற பெண் நடத்தும் சிறிய அலுவலகம். அவளுடைய வாடிக்கையாளர்களின் தளங்கள், யாராவது தேடினால் முதல் வரிசையில் வர வேண்டும். அதற்கு வேறு தளங்கள் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதி இணைப்புக் கொடுக்க வேண்டும். இணைப்பு என்பது சாட்சி. மதிப்புள்ளவன் சாட்சி சொன்னால் மதிப்பு கூடும். திருடன் சொன்னால் இருப்பதும் போய்விடும். சாட்சி சொல்ல வந்து நிற்பவன் யார் என்று நான் பார்க்கிறேன்.

நெடுங்காலம் அரசு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவன் நான். பார்வை இன்னும் மங்கவில்லை. எழுதியவருக்குப் பெயர் உண்டா, அந்தப் பெயருக்கு ஆள் உண்டா என்று முதலில் பார்ப்பேன். ஒரு பக்கத்தில் குழந்தை உணவும் மறு பக்கத்தில் சூதாட்டமும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். கடைசியில் கட்டுரைக்குக் கீழே வந்திருக்கும் கருத்துகளைப் படிப்பேன். இயந்திர வாசகன் பாராட்டிவிட்டுப் போவான். உண்மையான வாசகன் பிழையோடு எழுதுவான், கட்டுரைக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்பான். அப்படி ஒருவன் இருந்தால் அந்தத் தளத்தில் உயிர் இருக்கிறது என்று பொருள்.

பெரும்பாலும் இருக்காது. விளக்கெல்லாம் எரியும் வீட்டில் கதவைத் தட்டினால் உள்ளே ஆளே இல்லாததுபோல இருக்கும். நாள் முழுக்க அப்படிப்பட்ட கதவுகளைத் தட்டிவிட்டு என் வீட்டுக்குப் போய் நானே பூட்டைத் திறந்துகொள்கிறேன். மனைவி இறந்துவிட்டாள். மகன் கொரியாவில் இருக்கிறான். யாரிடமும் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அலுவலகத்தில் என்னை அக்சகால் என்று கூப்பிடுகிறார்கள். வெள்ளைத் தாடிக்காரர் என்று பொருள். நான் தினமும் சவரம் செய்கிறவன்.

மார்ச் மாதம், தெருவெல்லாம் பனி கரைந்து சேறாகக் கிடந்த ஒரு நாள், பெகாயிம் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றாள்.

"அக்சகால், இன்னிக்கு ஒரு தங்கம் மாட்டியிருக்கு. சும்மா முகத்தைத் தூக்கி வச்சுக்காம பாருங்க."

"போன தடவை தங்கம்னு நீ சொன்ன தளம் பல்லு வெளுக்கிற பொடி வித்துச்சு."

"இது அப்படி இல்ல. பல்கலைக்கழகம் லிங்க் குடுத்திருக்கு, மியூசியம் குடுத்திருக்கு, ஜப்பான்ல ஒரு புரொஃபசர் குடுத்திருக்காரு. நீங்க சரின்னு சொன்னா நம்ம சோங்கோல் ஏரிக் குதிரைச் சவாரிக்காரங்களை இதுல ஏத்திடலாம்."

திரையில் இருந்தது என் தகப்பனாரின் படம்.

பெகாயிமுக்கு அது தெரிய நியாயமில்லை. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது தாத்தாவின் பெயர், ரஷ்ய வால் ஒட்டியது. எங்கள் ஊரான கொச்கோரில் கணக்கு வாத்தியாராக இருந்த என் தகப்பனார் இசாபெக், எங்கள் வம்சத்தின் சஞ்சிராவை, அதாவது தகப்பன் வழி வரலாற்றை, குதிரைமேல் போய் ஊர் ஊராகச் சேர்த்தவர். அவர் போன பிறகு அதை ஒரு தளமாக்கினோம். என் மகன் கட்டிக் கொடுத்தான். நான் எழுதினேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் 'குடும்பத்தின் மூத்தவர்' என்று போட்டேன். எழுதி முடித்ததும் மூடிவிட்டேன். அச்சேறிய பக்கத்தைத் திரும்பப் புரட்டும் வழக்கம் எனக்குக் கிடையாது. அதில் பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு யாரும் தேவைப்படவில்லை. இந்த வேலையில் அது தினமும் பார்ப்பதுதான். தளத்தின் முகவரிக்கு ஆண்டுதோறும் வாடகை கட்ட வேண்டும். நினைவூட்டல்கள் என் மகன் இப்போது திறக்காத அஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கும். தவணை தவறியதும் எவனோ முகவரியை வாங்கிவிட்டான். என் தகப்பனாரின் படத்தையும் பழைய பக்கங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, இயந்திரத்தை விட்டுப் புதிதாக எழுதவைத்திருக்கிறான். முழங்கால் வலிக்கு முட்டைக்கோஸ் இலை. நல்ல மெத்தை வாங்குவது எப்படி. கால்பந்துப் பந்தயத்தில் எந்த அணி. எல்லாவற்றுக்கும் அடியில் 'குடும்பத்தின் மூத்தவர்'.

அவற்றில் ஒன்றின் தலைப்பு: 'ஏழு தகப்பன்மார்: எண்ணிக்கையை உங்களிடமிருந்தே தொடங்குங்கள்.'

எங்களில் ஏழு தகப்பன்மாரின் பெயர் தெரியாதவனை மனிதனாகச் சேர்ப்பதில்லை. அந்த ஏழுக்குள் ஒரே தகப்பன் வந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. எண்ணுவது தகப்பனிலிருந்து. நீ உனக்கே தகப்பன் ஆக முடியாது என்று என் தகப்பனார் வகுப்பில் சொல்வார். இங்கே அவருடைய படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: 'வாழ்வில் எதையும் உங்களிடமிருந்து தொடங்குங்கள். ஏழில் முதல்வர் நீங்களே. மன்னியுங்கள், முன்னேறுங்கள்.'

பெகாயிம் என் தோளுக்கு மேல் கையை நீட்டிப் பக்கத்தைக் கீழே இழுத்தாள்.

"இங்க பாருங்க, நீங்க எப்பவும் தேடுற ஆளு! நிஜ வாசகர்!"

கட்டுரைக்குக் கீழே ஒரே ஒரு கருத்து இருந்தது.

'அண்ணே படிச்சேன். புரிஞ்சிது. உங்க முழங்கா இப்ப எப்புடி இருக்கு. செவலைப் பசு கன்னு போட்டுருக்கு. கெனெஷ், கொச்கோர்.'

"தப்பும் தவறுமா எழுதியிருக்காரு, நடுவுல மாடு வேற. எந்த மெஷினும் இப்படி எழுதாது. நீங்க சொல்ற இலக்கணம் அப்படியே இருக்கு, அக்சகால்!"

"கொஞ்சம் தனியா விடு" என்றேன்.

கெனெஷ் என் தம்பி.

மற்ற கட்டுரைகளைத் திறந்தேன். எல்லாவற்றிலும் இருந்தான். மெத்தைக் கட்டுரைக்குக் கீழே: 'மெத்தை எதுக்குண்ணே. இங்க வந்தா உங்க பழைய கட்டில் அப்புடியே இருக்கு.' பந்தயத்துக்குக் கீழே: 'அண்ணே இந்த வயசுல இதெல்லாம் வேணாம். பணம் வேணும்னா கேளுங்க.'

அவன் மகள் புருலின் திருமணத்துக்கு நான் போகவில்லை. மாப்பிள்ளைக்கும் புருலுக்கும் ஏழாவது தகப்பன் ஒருவரே. கெனெஷ் மகளையே முதலாவதாக எண்ணி, அவர் எட்டாவது, தடையில்லை என்றான். மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது, அதனால் எண்ணிக்கையை ஒரு படி நகர்த்தினான். இசாபெக்கின் வீட்டிலேயே அதைச் செய்தான். நான் மூத்தவன். ஒப்புதல் தரவில்லை, விருந்திலும் உட்காரவில்லை. அதற்குப் பிறகு நௌரூஸ் பண்டிகைக்கு அவன் தொலைபேசியில் அழைப்பான், நான் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். பிறகு அதுவும் நின்றது.

மாடிப்படிப் பக்கம் போய் அவனை அழைத்தேன்.

"அண்ணே! நீங்களா? நிஜமா நீங்கதானா?" பின்னால் திரும்பிக் கத்தினான்: "அடியே, அண்ணன்! பிஷ்கெக்லேருந்து! அந்த ரேடியோவ நிறுத்து!"

"நல்லா இருக்கியா?"

"எனக்கு என்ன, கெடா மாதிரி இருக்கேன். உங்க முழங்கால் எப்படி இருக்கு? அந்த முட்டைக்கோஸ் இலை, நீங்க எழுதினீங்கல்ல, நானும் வச்சுக் கட்டினேன். கேக்குதுண்ணே! உங்க தம்பி பொண்டாட்டிதான் சிரிக்கிறா. சூப்புல போட வேண்டியதைக் கால்ல கட்டுறியேன்னு."

"கெனெஷ், அந்தத் தளத்தைப் பத்தித்தான்..."

"தெரியும்ணே, தெரியும். நீங்க நேர்ல சொல்ல மாட்டீங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், எல்லாத்தையும் எழுதித்தான் சொல்லுவீங்க. தினம் காலையில டீயோட உக்காந்து படிச்சுருவேன். பதில் போடலன்னாலும் பரவாயில்ல, எங்க அண்ணன் எழுதுறாரு, அது போதும்னு. அந்த ஏழு தகப்பன் விஷயம் வந்துச்சு பாருங்க..." மூக்கை உறிஞ்சினான். "புருலைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினேன். எண்ணிக்கைய உன்கிட்டேருந்து தொடங்குன்னு பெரியப்பாவே எழுதிட்டாரு பாருன்னு. அழுதுட்டா. இப்ப அவ முழுகாம இருக்காண்ணே. பிள்ளைக்கு நீங்கதான் வந்து பேர் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராலி பஸ் கம்பியிலிருந்து கழன்று நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"அதை எழுதினது நான் இல்லை" என்றேன்.

"என்னது?"

"முகவரி கைமாறிப் போச்சு. எவனோ வாங்கிட்டான். மெஷின் எழுதுது. அங்க யாரும் இல்லை, கெனெஷ்."

"உங்க பேர் போட்டிருக்கே. குடும்பத்தின் மூத்தவர்னு."

"அவன் போட்டது."

"முழங்கால்?"

"எனக்கு முழங்கால் வலியே கிடையாது."

கொட்டிலில் நின்று பேசுகிறான் போலும். கன்று கத்தியது.

"சரிண்ணே. எவன் எழுதினா என்ன. போகட்டும். ஆனா நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீங்க? இத்தனை காலம் ஆச்சு. மாப்பிள்ளை தங்கமான பையன். அப்படித்தானேண்ணே?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், எவனோ ஒரு சூதாடி என் தகப்பனாரின் வாயில் திணித்தது எங்கள் வீட்டுத் தீர்ப்பாகிவிடும். நாளைக்குப் பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைக் காட்டி, இசாபெக்கின் மகனே ஒப்புக்கொண்டார் என்று எழுதுவான். குதிரை முதுகில் சேர்த்த பெயர்கள் எல்லாம் ஒரு படி வழுக்கிப் போகும். மூத்தவன் என்று ஒருவன் இருப்பது அதைத் தாங்கிப் பிடிக்கத்தான்.

"எண்ணிக்கை தகப்பன்லேருந்துதான் தொடங்கும்" என்றேன்.

கன்றின் சத்தம் நின்றிருந்தது.

"சரிண்ணே" என்றான். பிறகு பழக்கத்தில், "உங்க முழங்காலைப் பாத்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். "இல்ல. உங்களுக்குத்தான் வலியே இல்லையே."

தொலைபேசியை வைத்துவிட்டான். எங்கள் வீட்டில் இளையவன் முதலில் வைப்பதில்லை.

நான் திரும்பி வந்தபோது பெகாயிம் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தத் தாடை எங்கள் எல்லோருக்கும் உண்டு.

"உங்க அப்பாவா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே, அக்சகால்." எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். "அப்ப இதை நீங்க பார்க்கக் கூடாது. வேற யாரையாவது பார்க்கச் சொல்றேன். சொந்த வீட்டு விஷயத்துல யாருக்கும் கண்ணு நேராப் பார்க்காது."

"எனக்குப் பார்க்கும். நிராகரிச்சிடு. பல்கலைக்கழகத்துக்கும் மியூசியத்துக்கும் நானே எழுதி அவங்க லிங்கை எடுக்கச் சொல்லிடறேன்."

"உங்க அப்பா பேரு எங்கேயுமே இல்லாமப் போயிடும்."

"போகட்டும்."

அவள் தலையைச் சொறிந்தாள். நல்ல பெண். ஆனால் அவளும் குதிரைச் சவாரிக்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "எனக்கு ஒரு காரணம் குடுங்க. கோபம்னு எழுதிக் குடுக்க முடியாது. எல்லாத் தளத்துக்கும் நீங்க என்ன சொல்லுவீங்களோ அதைச் சொல்லுங்க."

"எழுதறவன் யாரும் இல்லை."

"அது சரி. ஆனா படிக்கிறவர் இருக்காரே? அந்த மாட்டுக்காரர். ஒரு நிஜ வாசகர் இருந்தா உயிர் இருக்குன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

"இனிமே வர மாட்டார்" என்றேன்.

பெகாயிம் என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து, அந்தத் தளத்துக்கு எதிரே 'நிராகரிக்கப்பட்டது' என்று தட்டினாள். அடுத்த தளத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். யாரோ ஒரு பல் வைத்தியரின் தளம். எழுதியவர் பெயர் இல்லை.