அப்பாசாமி என்ற லைன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் கிடைத்தது. பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலம் சுற்றிக் கால் வீங்கிப்போன என் மாமியார் சந்திரம்மாளைக் கூட்டிப் போயிருந்தேன். இரண்டாம் மாடிக்கு மேலே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இருந்த போனை எடுத்தால் சத்தமே இல்லை. நாற்பது நிமிஷம்.

முதல் வரியாக ‘மரணத்தின் வாசலில்’ என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். யாரும் சாகவில்லை. மாமியாருக்குப் புழுக்கம், எனக்குக் கோபம், அவ்வளவுதான்.

2

கதை ரூபீனாவுடையது. அந்த ஆஸ்பத்திரியின் போன்களைப் பார்த்துக்கொள்பவள். மேஜைக்கு மேஜை நெட்வொர்க்கில் ஓடும் புது போன் வந்துவிட்டது. பதினொரு பழைய அனலாக் போன்களை மட்டும் ஒரு பெட்டி வழியாக அதோடு கோத்திருந்தார்கள். [பெட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.]

புது போன் தான் யாரென்று தானே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். பழையதற்கு நாம்தான் பெயர் எழுத வேண்டும். அங்கே இடத்தின் பெயரை எழுதுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயரை எழுதுவார்கள். லிஃப்ட் போனின் பெயர் அப்பாசாமி. லிஃப்ட் ஓட்டிய அப்பாசாமி ரிட்டயர் ஆகி, கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிர் செய்கிறார்.

ரூபீனா பட்டியலைப் பார்த்தாள். ஆள் வேலையில் இல்லை. இரண்டு வருஷமாக ஒரு அழைப்பும் இல்லை. அது லிஃப்ட் போன் என்று பட்டியலில் எங்கும் இல்லை. லைனை நீக்கிவிட்டாள்.

(அவளை அலட்சியக்காரியாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் யாரும் தொடாத அந்தப் பட்டியலை ஒழுங்குபண்ண முனைந்தவளே அவள் ஒருத்திதான்.)

3

இப்போது லிஃப்டைப் பராமரிக்கும் மாறனை வேலையைவிட்டு எடுக்கப் போகிறார்கள். காரணம் ஒரு புகார்க் கடிதம். இரண்டு பக்கம், அருமையான தமிழ். ‘போனைக்கூடச் சோதிக்காத இவரை உடனே நீக்குக’ என்று முடியும். எழுதியது நான்.

அதிலிருந்த நம்பரைப் பார்த்துத்தான் ரூபீனா என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் சந்தித்தோம். லிஃப்ட் நின்ற அன்றைக்கே லைனைத் திரும்பச் சேர்த்து, ‘லிஃப்ட்’ என்று பெயரிட்டதாகச் சொன்னாள். டீயைத் தொடவில்லை.

“அந்த லைன எடுத்தது நான்தாங்க சார். மாறனுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னா என் வேல போயிடும், வீட்ல என் சம்பளம் மட்டும்தாங்க. நீங்க லெட்டர வாபஸ் வாங்கிட்டா ரெண்டு பேருமே தப்பிச்சிக்குவோம்.”

யோசிக்கிறேன் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: ரூபீனா மேனேஜர் கோபியிடம் போய் உண்மையை

இல்லை. அவளுடைய தைரியத்தில் நான் குளிர்காய்வது போல இருக்கிறது.

முடிவு இரண்டு: மாறனுக்குப் பெங்களூரில் இதைவிட நல்ல வேலை கிடைக்கிறது. இது என் சௌகரியத்துக்கு.

முடிவு மூன்றில் நான் கடிதத்தை வாபஸ் வாங்குகிறேன். மூன்று வரி போதும். எழுதியும் பார்த்தேன். ‘தீர விசாரிக்காமல் எழுதிவிட்டேன்’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெயர் இருக்கிறது, அந்தப் புகாரைப் பேஸ்புக்கிலும் போட்டு நானூறு பேர் பாராட்டியிருக்கிறார்கள்.

மாறன் மீதான விசாரணை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. இன்று புதன். நான் இந்தக் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படிக்கும்போது அந்த வெள்ளி கடந்திருக்கும். ரூபீனா வாயைத் திறந்தாளா என்று கேட்காதீர்கள். இவ்வளவு தூரம் படித்ததில் என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.