ஆறாவது அறிவிப்பு

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முதல் அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் பிள்ளைகள் சீருடையில் வர வேண்டுமா, கலர் டிரஸ்ஸா என்று ஒரு அப்பா கேட்டார். "யூனிஃபார்ம்தான் சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், எந்தக் கூட்டம் என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது.

அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் முன்மேசை அவளுடையது. வந்து பதினொன்றரை மாதம் ஆகிறது. தாமதச் சீட்டு எழுதுவது, தொலைந்த தண்ணீர் பாட்டில்களுக்கு எண் போடுவது, மூக்கில் ரத்தம் வந்த பிள்ளைக்குப் பஞ்சு தேடுவது எல்லாம் அவள் வேலைதான். ஆனால் பிள்ளைகள் அவளை 'நோட்டீஸ் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். திங்கள்தோறும் எல்லாப் பெற்றோரின் போனுக்கும் போகிற வார மடலைத் தட்டச்சு செய்பவள் அவள். மேசை ஓரத்தில் ஒரு நீல நிறத் தட்டு இருக்கும். அறிவிப்பு எதுவானாலும் ஆசிரியர்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளி மாலை அவள் தட்டைக் கவிழ்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக அடித்து, அடித்து முடித்ததை ஆணிக்கம்பியில் குத்திவிடுவாள்.

மடலைத் திறந்து பார்த்தாள். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தருவது ஐந்தாவது அறிவிப்பு. ஏழாவது, பாட்டில்கள். இரண்டுக்கும் நடுவில் ஆறாவதாக இது இருந்தது: '15ஆம் தேதி வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு மண்டபத்தில் கூட்டம். அனைத்துப் பெற்றோரும் கண்டிப்பாக வரவும்.'

அடித்தது அவள்தான். அடித்தபோது என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கம்பியிலிருந்து சீட்டை உருவினாள். '15 வெள்ளி 3 மணி. மண்டபம். கூட்டம். பெற்றோர் வரவும்.' கையெழுத்து இல்லை, வகுப்பு இல்லை, விஷயமும் இல்லை. 'அனைத்து', 'கண்டிப்பாக' இரண்டும் அவளே சேர்த்தவை. அறிவிப்பு என்றால் அந்த இரண்டும் இருக்க வேண்டும் என்று அவள் கைக்கு ஒரு பழக்கம்.

அவள் பயப்படக் காரணம் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் புகைப்பட நாளை விடுமுறை நாளில் போட்டுவிட்டாள். பதினொரு பிள்ளைகள் தேய்த்த சீருடையோடு பூட்டிய கேட்டுக்கு முன் வந்து நின்றார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார் தலைமையாசிரியை. இந்த வெள்ளிக்கிழமையோடு அவளுடைய தற்காலிகக் காலம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு தட்டச்சாகி, தலைமையாசிரியையின் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இரண்டாவதாகப் பேசிய அம்மா, "உண்மையச் சொல்லுங்க, என் பையனப் பத்தியா?" என்றாள். மூன்றாவது ஆள், "கட்டணத்த ஏத்தப் போறீங்க, அதான?" என்றார். மதியத்துக்குள் இருபத்தாறு பேர். எல்லோரிடமும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்: "வாங்க, நேர்ல சொல்வாங்க." யார் சொல்வார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்களிடம் நேராகக் கேட்க முடியாது. கேட்டால், யார் போட்டது என்று தெரியாமலேயே முந்நூறு பேரைக் கூப்பிட்டுவிட்டாள் என்பது அரை மணியில் தலைமையாசிரியையின் பெரிய அறைக்குப் போய்விடும். நூல் விட்டுப் பார்க்கலாம் என்று விளையாட்டு சாரிடம் போனாள்.

"சார், வெள்ளிக்கிழமை மண்டபம்..."

"அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். என் பசங்க கயிறு இழுக்கப் பழகற நேரம் அது. மேடம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"மேடமா வெச்சிருக்காங்க?"

"பின்ன நானா வெப்பேன்? உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

மணி அடிக்கிற அண்ணனுக்கு எல்லோரும் 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நாள்கூட அவர் சரியான நேரத்துக்கு மணி அடித்ததில்லை. அவர் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல தங்கச்சி. கூட்டம்னா நாற்காலி வேணும்ல? நீதான் அனைத்துப் பெற்றோர்னு போட்டிருக்க. முந்நூறு பேருக்கு நான் எங்க போவேன்? இருக்கறது நூத்திப்பத்து. அதுலயும் நாலுக்குக் கால் ஆடுது."

செவ்வாயன்று தலைமையாசிரியையே கூப்பிட்டனுப்பினார். கண்ணாடிக் குண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"கூட்டத்துக்கு ஏற்பாடெல்லாம் எப்படி?"

"நடந்துட்டிருக்கு மேடம்."

"நிர்வாகத்துலேர்ந்து யாராவது வர்றாங்களா?"

"நீங்க சொன்னா கூப்பிடறேன் மேடம்."

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு. அவங்களுக்குத் தெரியாததா?"

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நிர்வாகம் போட்ட கூட்டம் என்று மேடம் நினைக்கிறார். நிர்வாகச் செயலாளரோ, முந்தின நாள் போனில், "மேடம் கூப்பிட்டா வராம இருப்பனா?" என்று சொல்லியிருந்தார். கூட்டம் தன் பாட்டுக்கு நடக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. கூட்டியவர் மட்டும் இல்லை.

புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து, சீட்டின் கையெழுத்தை இருபத்தொரு பேரின் கையெழுத்தோடும் ஒப்பிட்டாள். சீட்டில் இருந்த '3' மேலே தட்டையாக, கொக்கி போட்ட மாதிரி இருந்தது. பதிவேட்டில் ஒருவருடைய மூன்றும் அப்படி இல்லை. அதற்குள் பெற்றோர் குழுவில் பள்ளியே இடம் மாறப் போகிறது என்றும், எல்லோருக்கும் சைக்கிள் தரப் போகிறார்கள் என்றும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. வியாழன் மாலை வரை பார்ப்போம், யாரும் சொந்தம் கொண்டாடாவிட்டால் 'கூட்டம் ரத்து' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, திட்டு வாங்கி, வேலையையும் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தாள்.

வியாழன் நாலரை மணிக்கு அந்த வரியை அடித்தும்விட்டாள். அனுப்பும் முன் ஒரு பெண்மணி மேசைக்கு எதிரில் வந்து நின்றாள். நாலாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா. துணி தைக்கிற கம்பெனியில் வேலை. சேலை ஓரத்தில் வெட்டிய நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன.

"மேடம், நாளைக்குக் கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் வேணும். சீல் வெச்சு. போன்ல வந்தத சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"இந்த ரிஜிஸ்டர்ல எழுதுங்கக்கா. தேதி, நேரம், பிள்ள பேரு."

அவள் எழுதினாள். நேரம் என்ற கட்டத்தில் '3' தட்டையாக, கொக்கியோடு விழுந்தது.

நோட்டீஸ் அக்கா ஆணிக்கம்பியிலிருந்து சீட்டை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள். அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன வாரம் புள்ளைக்குத் தாமதச் சீட்டு வாங்க வந்தேன்," என்றாள் பிறகு. "ஒரு டீச்சர் வந்து காகிதத்தப் போட்டாங்க. இன்னொரு சார் போட்டாரு. நீங்க தலையக்கூடத் தூக்கல. இதுல போட்டா நோட்டீஸ் ஆயிடும்போலன்னு நெனச்சேன்."

"எதுக்குக்கா?"

"நாளைக்கு மூணு மணிக்கு டிரைவிங் டெஸ்ட். ரெண்டு தடவ தேதி குடுத்தாங்க, ரெண்டு தடவயும் லீவு கிடைக்கல. மூணாவது போனா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். ரொட்டிக் கடைக்காரர் வேன் ஓட்ட ஆள் தேடறாரு, லைசென்ஸ் இருந்தா எனக்குத்தான்னு சொல்லியிருக்காரு. எங்க கம்பெனியில ரெண்டுக்குத்தான் அரை நாள் விடுவாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு, இல்ல ஸ்கூல் நோட்டீஸ். நோயின்னு பொய் சொல்ல மனசு வரல."

"இது பொய் இல்லையா?"

"இதுவும் பொய்தான். ஆனா இதுல யாருக்கும் உடம்பு சரியில்லாமப் போகல."

சிரிப்பதா, கோபப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

"முந்நூறு பேர் வரப் போறாங்கக்கா."

"நான் பத்துப் பேர் வந்து பாத்துட்டு, ஏதோ தப்புன்னு போயிடுவாங்கன்னு நெனச்சேன். அனைத்துன்னு நான் எழுதலயே மேடம்."

ரத்துச் செய்தி திரையில் அனுப்பக் காத்திருந்தது. அந்த அம்மா எட்டிப் படித்துவிட்டாள். "எங்க தையல் லைன்லயே இந்த ஸ்கூல் அம்மாங்க நாலு பேர் இருக்கோம். ரத்துன்னு வந்தா நாளைக்கு யாரையும் விட மாட்டாங்க," என்றாள். கெஞ்சவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

இவளைக் காட்டிக்கொடுக்காமல் விட்டால் தன் உத்தரவு போகும். காட்டிக்கொடுத்து உத்தரவைக் காப்பாற்றினால் இவளுடைய வேன் போகும். இரண்டையும் எடைபோட அவளுக்கு நேரமும் இல்லை, தெளிவும் இல்லை. சீலை எடுத்து மையில் அழுத்தி நோட்டீஸில் குத்தினாள். திரையில் இருந்த வரியை அழித்தாள். அழித்துவிட்டு, ஏன் அழித்தோம் என்று ஐந்து மணி வரை உட்கார்ந்து யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். முன் வரிசையில் நிர்வாகச் செயலாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடிகாரம் மூன்று மணியை மூன்று ஏழுக்கு அடித்தார். தலைமையாசிரியை மேடையேறி, செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கண்ணியமாகத் தலையசைத்து, தொடங்குங்கள் என்று கை காட்டினார். மேடம் பக்கவாட்டில் நின்ற அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எதுக்காகக் கூடியிருக்கோம்னு உங்களுக்கே தெரியும்..."

"எங்களுக்குத் தெரியாது டீச்சர்," என்றார் சுவரோரம் நின்ற ஒரு அப்பா. "அத நீங்க சொல்வீங்கன்னுதான் வேலைய விட்டுட்டு வந்தோம்."

மண்டபம் சிரித்தது. தலைமையாசிரியையின் காது சிவந்தது. ஆனால் இருபது வருடம் வகுப்பெடுத்தவர். பாடம் தெரியாத நாளில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். "முதல்ல நீங்க பேசுங்க," என்றார். "பள்ளியில என்ன குறைன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

யாரும் எழவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, தன் மகள் காலையில் கொண்டுபோகிற தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்றாள். கேட்டால், பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லையாம், அதனால் யாரும் தண்ணீரே குடிப்பதில்லையாம். "என் பொண்ணும்தான்," என்றது ஒரு குரல். "எங்க வீட்லயும்." இப்படியே முப்பது பேர். எந்தப் பிள்ளையும் பள்ளியில் சொன்னதில்லை. எந்த அம்மாவும் மற்ற அம்மாவிடம் சொன்னதில்லை. தலைமையாசிரியை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். விளையாட்டு சார் கடிகாரத்தை இழுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.

நாலு மணிக்குக் கலைந்தபோதும் எதற்குக் கூட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் மேசைக்கு முன்னால் நீளமாக வரிசை நின்றது. எல்லோருக்கும், வந்ததற்கு ஒரு சீட்டு வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கேட்பார்கள். நூற்று நாற்பது சீட்டுகளுக்குச் சீல் குத்தி அவள் மணிக்கட்டு வலித்தது.

கடைசியாக அந்த அம்மா வந்தாள். கூட்டத்துக்கு வராதவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கூட்டியவளும் அவர்களில் ஒருத்தி.

"என்னாச்சுக்கா?"

"ரிவர்ஸ்ல கம்பத்த இடிச்சிட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள். "நல்லவேளை, வந்ததால மறுபடி ஒரு தேதி குடுத்தாங்க. அடுத்த மாசம் பதினாறு. ரொட்டிக் கடைக்காரரும் அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்னாரு."

"பதினாறு என்ன கிழமை?"

"செவ்வாய்."

'15ஆம் தேதி கூட்டத்தில் கலந்துகொண்டார்' என்ற நூற்று நாற்பத்தோராவது சீட்டில் சீல் குத்தி நீட்டினாள். அந்த அம்மா அதை இரண்டாக மடித்து, தைக்கிற ஊசிகள் இருந்த சின்னப் பையில் வைத்துக்கொண்டு, மகளைத் தேடிப் போனாள்.

ஐந்து மணிக்குப் பெரிய அறையிலிருந்து அழைப்பு. தலைமையாசிரியை கண்ணாடிக் குண்டை நகர்த்தி, உத்தரவை வெளியே எடுத்து வைத்திருந்தார்.

"அந்தச் சீட்டு யாரோடது?"

"தட்டுல இருந்துச்சு மேடம்."

"அது தெரியும். நான் நிர்வாகம்னு நெனச்சேன். செயலாளர் போறப்ப, நல்ல ஏற்பாடுன்னு என்னப் பாராட்டிட்டுப் போறாரு." ஜன்னல் வழியே, கையில் திருப்புளியோடு கடிகாரம் போவதைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா அந்தத் தாழ்ப்பாள் இல்ல. எனக்குத் தெரியாது. சரி, இனிமே மாசாமாசம் ஒண்ணு வெப்போம். மடல்ல போட்டுடு."

"எதுக்குன்னு போடறது மேடம்?"

"இந்தத் தடவ எதுக்குன்னா போட்ட?"

தலைமையாசிரியை நாட்காட்டியைத் திருப்பினார். "என்னைக்கு வெக்கலாம்? நீயே ஒரு நாள் சொல்லு."

"பதினாறு மேடம். செவ்வாய். மூணு மணி."

அதை யோசிக்காமல் சொல்லிவிட்டாள். தலைமையாசிரியை நாட்காட்டியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வெள்ளிய விட்டுட்டு ஏன் செவ்வாய்?"

ஐந்து நாளாக எல்லோரும் கேள்வி கேட்டார்கள், அவளிடம் பதில் இருந்ததில்லை. இன்று பதில் இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

"செவ்வாய்னா வருவாங்க மேடம்," என்றாள்.

தலைமையாசிரியை அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனாவின் மூடியைத் திறந்தார்.