பார்த்தேன், பத்திரப்படுத்தவும்

நான் எதையும் மறக்கிறவள் இல்லை, மன்னிக்கிறவளும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

எகிப்தின் மன்சூரா நகரில் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் எனக்குப் பதினோரு வருஷம். ஒரு தெருவில் தண்ணீர் வராது, இன்னொரு தெருவில் குழாய் உடைந்து ஆறாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது ஐம்பது பக்கத்துக்குக் கோப்பு. எத்தனை தடிமனான கோப்பானாலும் அதன் மேல் ஒரு துண்டுத் தாளைக் குண்டூசியால் குத்திவைப்பேன். அதில் மூன்றே வரி: என்ன நடந்தது, யார் என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும். காலையில் முதல் டீ வருவதற்குள் அன்றைக்கு இருப்பதிலேயே மோசமான கோப்பை முடித்துவிடுவேன்.

என் பிரிவுத் தலைவர் ஷவ்கியை ‘உஸ்தாஸ்’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் கோப்பைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. துண்டை மட்டும் படிப்பார். ஓரத்தில் ‘பார்த்தேன், பத்திரப்படுத்தவும்’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுவார். மேசைக்கு வருகிற எல்லாவற்றிலும் அதையேதான் எழுதுவார். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையிலும் எழுதினார். பிறகு கூட்டத்துக்குப் போய் என் மூன்று வரிகளைத் தன் குரலில் ஒப்பிப்பார். ‘ஷவ்கிக்கு என்ன ஞாபகசக்தி!’ என்பார்கள். கோப்பு பொறியாளர்களிடம் போகும், துண்டு என் மேசைக்குத் திரும்பும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். துணைத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று ஒவ்வொரு ரமலானிலும் அவர் சொல்லிவந்ததுதான் காரணம். இந்த வருஷம் அது காலியானது. என் வருடாந்திர மதிப்பீட்டில் அவர் எழுதியிருந்தார்: ‘காகிதங்களை ஒழுங்காக வைக்கத் தெரியாது. விஷயத்தைச் சுருக்கிச் சொல்லத் தெரியாது. தரம்: பலவீனம்.’ பதவி எங்கள் பிரிவிலேயே இருக்கும் அவருடைய மச்சினன் ஹைத்தமுக்குப் போகிறதாம்.

தாளை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

“என்ன உஸ்தாஸ் இது?”

“அட, அது சும்மா ஒரு காகிதம், மேடம். ஹைத்தமுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம். கையில ஒரு பதவி இருந்தாத்தானே பொண்ணு வீட்டுல மதிப்பாங்க? உங்களுக்கென்ன, பிள்ளைங்க எல்லாம் வளர்ந்தாச்சு. ஒரு டீ குடிங்க, கோபம் ஆறிடும். சர்க்கரை எத்தனை?”

“நாலு.”

டீயைக் குடித்தேன். கோபம் ஆறவில்லை. மதிப்பீட்டை எதிர்த்து மனுக் கொடுக்க வியாழக்கிழமைதான் கடைசி நாள். முடிவு செய்ய வேண்டிய தலைமைப் பொறியாளர் சமீஹா, எங்கள் பேச்சில் ‘பாஷ்முஹந்திஸா’, புதன்கிழமை மாதக் கூட்டத்துக்கு வருகிறார். எனக்கு அது போதும்.

மறுநாளிலிருந்து அவர் மேசைக்குத் துண்டு போகவில்லை. கோப்புகள் போயின, பக்க எண் போட்டு, தேதி வரிசையில், ஒரு தாள் குறையாமல்.

“துண்டு எங்க மேடம்?”

“எனக்குத்தான் சுருக்கத் தெரியாதே, உஸ்தாஸ். நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

“விளையாடாதீங்க!”

“விளையாட்டா? அரசாங்கக் காகிதத்துலயே எழுதியிருக்கீங்க!”

வீம்புக்காரர். துண்டு எழுதும் வேலையை ஹைத்தமிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை நாற்பது கோப்புக்கும் ஒரே வரிதான் எழுதினான்: ‘தண்ணீர் பற்றிய புகார்.’ பொய் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை கூட்டத்தில் சமீஹா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: “தல்கா பக்கம் எத்தனை புகார் பாக்கி? அதுல ரொம்ப பழசு எது?”

ஷவ்கி கோப்பைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். கழுத்தில் வேர்வை வழிந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆனந்தம். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

“ஹைத்தம், சொல்லுப்பா.”

“தண்ணீர் பத்தின புகாருங்க.”

யாரோ சிரித்தார்கள். ஷவ்கி என் பக்கம் விரலை நீட்டினார். “எல்லாம் இந்த இனாயத் மேடம் பண்ற கூத்து, பாஷ்முஹந்திஸா! ஒரு காகிதத்தை ஒழுங்கா வைக்கத் தெரியுமா இவங்களுக்கு? ரிப்போர்ட்லயே எழுதிட்டேன்.”

இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

“தல்காவுல பதினேழு,” என்றேன். “பழசு, பள்ளிக்கூடத் தெரு குழாய். நாற்பது நாள் ஆச்சு. நாளைக்குள்ள முடிக்கணும்.”

பிறகு நாற்காலிக்கு அடியிலிருந்து மூன்று பெருநாள் பிஸ்கட் டின்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். பதினோரு வருஷத்துத் துண்டுகள், மாதவாரியாக நூல் போட்டுக் கட்டியவை. சமீஹா ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னொன்று. நடுவிலிருந்து உருவி மற்றொன்று.

“இது உங்க கையெழுத்தா, உஸ்தாஸ் ஷவ்கி?”

“ஆமா... வழக்கமா போடுறதுதான்...”

“மேல இருக்கிற மூணு வரி?”

அவர் ஹைத்தமைப் பார்த்தார்.

“என்னோடது,” என்றேன்.

“இதை எல்லாம் எதுக்கும்மா இத்தனை வருஷமா எடுத்து வச்சிருக்கீங்க?”

“இவர் உத்தரவுதான், பாஷ்முஹந்திஸா. ஒவ்வொரு துண்டுலயும் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கார் பாருங்க.”

பிறகு என் மனுவை நீட்டினேன். அதுவும் மூன்றே வரிதான். சமீஹா படித்துவிட்டு, ‘மதிப்பீடு ரத்து. துணைத் தலைவர் நியமனம் இவருக்கே’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிரிவுத் தலைவரும் பார்த்ததாகக் குறிப்பெழுத வேண்டும் என்பது விதி. தாளை ஷவ்கியின் பக்கம் தள்ளினார்.

அவர் பேனாவை எடுத்தார். பழகிய கை. ஓரத்தில் தானாகவே எழுதியது: பார்த்தேன், பத்திரப்படுத்தவும்.

தாளை வாங்கி, காலியாகக் கொண்டுவந்திருந்த நான்காவது டின்னில் வைத்து மூடினேன். அவர் பக்கம் குனிந்து கேட்டேன்.

“டீ சொல்லட்டுமா, உஸ்தாஸ்? கோபம் ஆறிடும். சர்க்கரை எத்தனை?”