பேராலயப் படிக்கட்டில் மால்ட்டே

முப்பது வயசாகியும் கல்யாணம் ஆகாத ஆம்பளை ஜெர்மனியின் பிரேமன் ஊரில் தப்பிக்க முடியுமா? பிறந்த நாளன்று பேராலயப் படிக்கட்டைப் பெருக்கியே ஆகணும். ஒரு பெண் வந்து முத்தம் கொடுக்கும்வரை துடைப்பத்தைக் கீழே வைக்கக் கூடாது. அன்றைக்கு முப்பது முடிந்த மால்ட்டே வாடகைக் கோட்டும் நீளத் தொப்பியும் மாட்டிக்கொண்டு பெருக்கினான். அவன் பெருக்கப் பெருக்க, நண்பர்கள் பீர் பாட்டில் மூடிகளைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள்.

முத்தம் கொடுக்க வேண்டியவள் வீப்கே, சில வருஷமாக அவனோடு ஒரே வீட்டில் இருப்பவள். வேலை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அதற்குள் அவன் சிநேகிதன் தோர்பென் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான். பெருக்குகிறவனின் மானத்தை வாங்குவது அன்றைக்கு நண்பர்களின் உரிமை.

"கேளுங்கய்யா கேளுங்க! நம்ம மாப்பிள்ளைகிட்ட கட்டிக்கிறியான்னு வீப்கேதான் கேட்டா! சமையல்கட்டுல மண்டிபோட்டுக் கேட்டா! இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'எந்திரி, நூடுல்ஸ் குழையுது'ன்னான்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மால்ட்டேயும் சிரித்தான். ஐயோ, அதுதான் கேவலம்! அன்றைக்கு அவள் அழுத அழுகை அவனுக்குத் தெரியாதா? 'இத யாருகிட்டயும் சொல்லிடாத' என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாளே. மறுநாளே பீர்க் கடையில் அதை வேடிக்கைக் கதையாகத் தோர்பெனிடம் அவிழ்த்துவிட்டவன் சாட்சாத் இவன்தான்.

நிமிர்ந்தான். கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி வீப்கே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள். 

"வந்துட்டாடா! வழிய விடுங்க!" என்று தோர்பென் கத்தினான்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் படியேறி வந்தாள்.

"வீப்கே, குடிச்சிட்டு உளறிட்டேன்..." என்று முணுமுணுத்தான்.

"அது கெடக்கட்டும். இப்ப சிரிச்சியே, இப்பவும் குடிச்சிருந்தியா?"

எல்லாரும் பார்க்க அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவன் காதில் சொன்னாள்: "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள். ஓடினால் பிடித்துவிடலாம். கால் பரபரத்தது. ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் ஒருத்தி பின்னால் ஓடினால் என்ன சொல்லுவார்கள்?

"மாப்ள, இங்க பாரு, போட்டோ!"

பாவி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டினான்.