சத்தமில்லாமல் எடுத்த படம்

"வரிக்குதிரை மாதிரி இருக்குடா அம்மா மூஞ்சி! இதையா பெருசாக்கி மாட்டுற..."

"அக்கா, நான் சொல்றதை முழுசா..."

"என்னத்தைக் கேக்கறது? கல்யாண வீட்டுல எவன் எவனையோ பளிங்கு மாதிரி எடுப்ப. பெத்தவளைத்தான் பட்டை பட்டையா எடுப்பியா?"

லேப்டாப் திரையில் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு கறுத்த பட்டை, மூக்கின் மேல் ஒன்று, மோவாயில் ஒன்று. அடுத்த படமும் அப்படியே. அம்மா போன பிறகு கூடத்தில் மாட்ட ஒரு முகம் வேண்டுமென்று தேடினால், படம் எடுத்தே பிழைக்கிறவன் வீட்டில் அவளைத் தனியாக எடுத்தது இந்த ஒரு தடவைதான். மற்றதிலெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள்.

"வார்டுல சத்தமே கூடாதுன்னு நர்ஸம்மா கறாரா சொல்லிட்டாங்க," என்றான் தம்பி. "அதான் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாத்தினேன். மெக்கானிக்கல்னா உள்ள நிஜமாவே ஒரு திரை இறங்கும், டக்குனு கேக்கும். இதுல ஒண்ணும் அசையாது. சென்சார் படத்தை மேலேருந்து கீழே வரிவரியா படிச்சுக்கிட்டே வரும். டியூப்லைட்டோ நம்ம கண்ணுக்குத் தெரியாம மினுக்கிக்கிட்டே இருக்கும். அது மங்குற நேரத்துல படிச்ச வரியெல்லாம் கறுப்பா விழுந்துடும்."

"இவ்வளவு தெரிஞ்சவனுக்கு அன்னிக்குப் புத்தி எங்க போச்சு?"

"அம்மா தலை ஆடிக்கிட்டே இருந்துச்சுக்கா. படம் கலங்கக் கூடாதுன்னு ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். பட்டையைக் கவனிக்கலை."

"அந்தப் பட்டையை அழிச்சுத் தொலையேன்!"

அழித்துப் பார்த்திருந்தான். பட்டையோடு சுருக்கங்களும் போய், யாரோ ஒருத்தி பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். அழுகையின் நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. "அம்மாவை எடுக்கறதே பெரும்பாடு. டக்குனு கேக்கற வரைக்கும் மூச்சே விட மாட்டா. கேட்டதும், 'அப்பாடா'ன்னு பலூன்ல காத்து போன மாதிரி உக்காருவா."

"ம்."

அன்று பார்வை மங்கிப்போன அம்மா அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள். எடுத்தாயிற்று என்று சொன்னால் சிரிப்பைக் கலைத்துவிடுவாளே என்று இவன் வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டே போனான். தொழில் புத்தி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு விறைத்தது. கன்னம் நடுங்கியது. கடைசியில், "எடுத்தாச்சாடா?" என்றாள். பதில் சொல்லாமல் அதையும் எடுத்தான். அப்புறம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் பேச்சு நின்றுவிட்டது.

அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கடைசிப் படத்துக்கு வந்துவிட்டாள். அவன் லேப்டாப்பை மூடப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இருடா. இதுல வாய்ப்பக்கம் பட்டை இல்லை." மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். "வாயைத் திறந்து உன்கிட்ட என்னமோ கேக்கறாளே... என்னடா கேட்டா?"