நாற்பத்தெட்டு கிராம்

மனித இனம் கண்டுபிடித்தவற்றில் பொய் சொல்லத் தெரியாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: சமன்செய்த வேதிச் சமன்பாடு. சட்டம் பொய் சொல்லும், சாட்சி பொய் சொல்லும், எங்கள் ஆய்வகத் தராசு வெட்கமில்லாமல் சொல்லும். சமன்பாடு சொல்லாது. இதை நான் வகுப்பிலேயே எழுந்து நின்று அறிவித்திருக்கிறேன். யாரும் கைதட்டவில்லை, உண்மைக்கு அது வழக்கம்.

என் மேசைத் தோழனுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்ததும் நான்தான். வரவேண்டிய விளைபொருள் எடையை முதலில் எழுதிவிட்டு, எடுத்துக்கொண்ட எடையைப் பிறகு கண்டுபிடிப்பான்.

"விடை இங்க இருக்கு, கேள்வி எங்கடா போச்சு?" என்பேன்.

"உனக்கு மார்க் வருதா, எனக்கு வருதா?" என்பான். அவனுக்குத்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை, அப்பா மேற்பார்க்கும் அலுவலகக் கட்டடத்தின் கழிவறையில் துப்புரவுக்கார அக்கா செத்துப்போனார். வியாழன் மூன்று மணிக்கு விசாரணை. பன்னிரண்டு மணிக்கு அப்பா சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போடாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கறை போகலன்னு வந்து சொன்னா. ப்ளீச்சையும் ஆசிட்டையும் சேத்து ஊத்துன்னு நான்தான் சொன்னேன். கதவைச் சாத்திக்கன்னும் சொன்னேன்டா, நாத்தம் வெளிய வரக்கூடாதுன்னு."

"எவ்வளவு ஊத்துனாங்க?"

"ப்ளீச் ஒரு லிட்டர். பாட்டில் காலி. ஆசிட்டும் அதே அளவு."

ஐந்து சதவீத ப்ளீச் ஒரு லிட்டரில் ஐம்பது கிராம் ஹைப்போகுளோரைட். ஆசிட் தேவைக்கு மேலேயே இருந்தது. ஆகவே கணக்கு ப்ளீச்சோடு முடிகிறது. எழுபத்து நாலரை கிராமுக்கு எழுபத்தொரு கிராம் குளோரின் விஷவாயு என்றால், ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. அறுபது கன மீட்டர் அறை, ஜன்னல் இல்லை. நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அதிகமா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"என்னை உள்ள தள்ளிருவாங்களா?"

தாளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தாளைத் தலைகீழாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கு அவருக்கு எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான்.

"நான் அவளைக் கொல்லணும்னு சொல்லலடா. தரை வெள்ளையா இருக்கணும்னுதான் சொன்னேன்."

"காலி பாட்டில யாராச்சும் பாத்தாங்களா?"

"நான் மட்டும்தான். குப்பையில போட்டுட்டேன்."

அக்காவின் கணவர் விசாரணைக்கு வருவார். என்னை அவருக்குத் தெரியும். "தம்பி படிச்ச புள்ள, நாலு வார்த்தை உண்மையைச் சொல்லு" என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு இருந்தா வெறும் இருமலோட போயிருக்கும்?" அப்பா கேட்டார்.

புதுத் தாள் எடுத்தேன். அடியில் எழுதினேன்: குளோரின், கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் வரியில் ஹைப்போகுளோரைட், கால் கிராம். அதற்கும் மேலே ப்ளீச், ஐந்து மில்லி.

"ஒரு மூடி ஊத்துனாங்கன்னு சொல்லுங்க," என்றேன்.

"ஒரு மூடிக்கு எப்படிடா சாவா?"

"நெஞ்சு ஏற்கெனவே சரியில்லன்னு சொல்லுங்க."

அப்பா தலையாட்டினார். தாளை அவர் படிக்கத் தோதாகப் பெரிய எழுத்தில், பேனாவால், மேலிருந்து கீழாகத் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.