பனியாற்று ஐஸ்

2018 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு, தெற்கு சிலேயின் சான் ரஃபேல் காயலில், பனியாற்றின் முகப்பிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி, 'தோன்யா எர்சிலியா' என்ற தனியார் படகு எஞ்சினை நிறுத்தியது. பயணிகள் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்த எட்டுப் பேர், கூடவே ஒரு குழந்தை. பணியாளர்கள் மூன்று பேர்.

எஞ்சின் நின்றபோது மெக்கானிக் டெல்ஃபின் கீழ்த்தளக் கழிவறையில் மண்டியிட்டிருந்தான். வலது கை முழங்கைவரை கோப்பைக்குள் இருந்தது. சமையல்காரி நோல்ஃபா வாளியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருந்தாள். அவன் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள்கள், முறுக்கிய துணிபோல.

"இது ஒன்பதாவது. சாந்தியாகோவுல இதத்தான் திங்கிறாங்களாக்கா?"

"வாய மூடிட்டு இழு. மேல கேக்கும்."

"கேக்கட்டும். அவங்க சரக்குதானே, அடையாளம் சொல்லி வாங்கிக்கட்டும்."

அடைப்பு எடுபட்ட பிறகும் தண்ணீர் இறங்கவில்லை. கழிவுத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. புறப்படும் முன் துறைமுகத்தில் அதை உறிஞ்சி எடுக்க வரவேண்டிய லாரி வரவில்லை. முதலாளி வெர்கரா காத்திருக்க விடவில்லை. பாதி நிறைந்த தொட்டியோடுதான் கிளம்பியிருந்தார்கள்.

கேப்டன் ரோசமேல் ஏணியில் பாதி இறங்கி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினான்.

"முதலாளிகிட்ட ரேடியோவுல பேசிட்டேன். வால்வத் தொற."

"இங்கயா கேப்டன்?" என்றான் டெல்ஃபின்.

"வெளிக்கடலுக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் போயிரும். அவங்க பனியாறு பாக்கத்தான் வந்திருக்காங்க. எல்லாரும் முன்பக்கம் நிக்கிறாங்க. பின்னாலதான போவுது, தொற."

டெல்ஃபின் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் போனான். சமையலறையின் வட்ட ஜன்னல் வழியே நோல்ஃபா பார்த்தாள். பால் கலந்ததுபோல் பச்சையாக இருந்த தண்ணீரில் பழுப்பு எழும்பியது. மிதக்கும் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே மெதுவாகப் பரவியது. பனியாற்றின் பக்கமிருந்து காற்று இல்லை. பின்னாலிருந்து லேசாக வீசிய காற்று அந்தப் பழுப்பைப் படகின் ஓரமாகவே முன்பக்கம் தள்ளியது. கண்ணாடிபோல் தெளிந்த ஒரு கட்டியின் மேல் காகிதம் ஒட்டிக்கொண்டு போனது.

நோல்ஃபாவுக்கு நாற்பத்தேழு வயது. சால்மன் ஆலையில் பதினோரு வருடம் மீன் வெட்டியவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் ரோசமேல்தான், அவள் அக்காவின் கணவன். இந்தக் கோடையைக் குறை சொல்லாமல் முடித்தால் நிரந்தரமாக்குவதாக வெர்கரா சொல்லியிருந்தார். முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மேலிருந்து ரோசமேல் கூப்பிட்டான். "நோல்ஃபா, விஸ்கி நேரம். வலைய எடுத்துட்டு வா."

எல்லாப் பயணத்திலும் உள்ள வழக்கம். படகோரம் மிதக்கும் பனியாற்றுக் கட்டி ஒன்றை நீளப்பிடி வலையால் அள்ளி, உடைத்து, விஸ்கியில் போட்டுத் தருவது. அவள் வலையோடு ரோசமேலின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தான், சின்னப் படக எறக்குங்க. தள்ளிப் போயி நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

"நீர் வத்துது. அரை மணியில கிளம்பலேன்னா வெளிய போற ஆத்துல தரைதட்டிருவோம். இங்கயே அள்ளு."

"இதுலயா? கண்ணால பாத்தீங்கல்ல?"

"நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல."

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். மீன் கெட்டுப்போகாமல் இருக்க ஃப்ரீசரில் உறைய வைத்திருந்த தண்ணீர்க்கட்டி ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றி, சுத்தியலால் உடைத்தாள். கோணல் மாணலான துண்டுகளாகப் பொறுக்கி எட்டு கிளாஸில் போட்டாள். நடுவில் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. விஸ்கி ஊற்றியதும் தெரியவில்லை.

உர்கிதி என்ற கட்டட ஒப்பந்ததாரர்தான் படகை வாடகைக்கு எடுத்திருந்தார். அவருடைய மைத்துனி கிளாஸை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். "பல நூறு வருஷத்துத் தண்ணி. மனுஷன் மூச்சுக்கூடப் படாதது."

"காதுகிட்ட வைங்க," என்றார் உர்கிதி. "உள்ள அடைபட்ட காத்து வெடிக்கிற சத்தம் கேக்கும். கேப்டன், அந்த ஜெனரேட்டரையும் நிறுத்துங்க."

ரோசமேல் நிறுத்தினான். எட்டுப் பேரும் கிளாஸைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஜெனரேட்டரின் இரைச்சலை நம்பித்தான் நோல்ஃபா துணிந்திருந்தாள்.

உர்கிதி ஒரு துண்டை விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது ஃப்ரிட்ஜ் ஐஸ். ஏம்மா, எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

நோல்ஃபா ரோசமேலைப் பார்த்தாள். அவன் காற்றழுத்தமானியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தால் அவனுக்கு உரிமம் போகும், அக்கா வீட்டில் அடுப்பு எரியாது.

"கை வலிங்கய்யா," என்றாள். "குனிஞ்சு அள்ள முடியல."

"கை வலிக்கிறவளுக்குப் படகுல என்ன வேலை?" என்றாள் மைத்துனி.

உர்கிதியின் தம்பி சிரித்துக்கொண்டே வலையை வாங்கினான். முதல் வீச்சில் நழுவியது. இரண்டாவது வீச்சில் தலையணை அளவு கட்டி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தளத்திலேயே போட்டு உடைத்து, பழைய கிளாஸ்களில் இருந்ததைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டார்கள். இந்த முறை சடசடவென்று கேட்டது. உர்கிதி கண்ணை மூடிக் கேட்டார்.

ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒரு துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். நோல்ஃபா குனிந்து அதைப் பிடுங்கினாள்.

"வேண்டாங்கண்ணு, பல்லு கூசும்."

குழந்தை வீரிட்டது. தாய் பாய்ந்து வந்தாள். "எம்புள்ள கையப் புடிச்சுப் பிடுங்குற அளவுக்கு ஆயிட்டியா? வாசனை பாரு, கழுவாத கை."

தாய் பெரிய துண்டாக எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தாள்.

மறுநாள் மாலைக்குள் ஆறு பேர் வாந்தியெடுத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு கழிவறைக்கும் வரிசை நின்றது. நோல்ஃபா வாளியும் துணியுமாக விடியும்வரை அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். பணியாளர்கள் மூவரும் பயணிகள் சாப்பிட்ட அதே கொங்கிரியோ மீன்குழம்பைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"சொல்லிடலாமா கேப்டன்?" என்று டெல்ஃபின் கேட்டான்.

"வால்வத் தொறந்தது யாரு? நீயா, நானா?"

டெல்ஃபின் எஞ்சின் அறைக்கு இறங்கிப் போனான்.

சாகபுகோ துறைமுகத்தில் வெர்கரா காத்திருந்தார். பயணிகளை மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, காரின் முன்பக்கத்தில் வைத்தே காகிதத்தை நிரப்பினார். காயலிலிருந்து எடுக்கவேண்டிய இயற்கையான ஐஸுக்குப் பதிலாக, மீன் வைத்திருந்த ஃப்ரீசரின் ஐஸைப் பயணிகளுக்குக் கொடுத்து நோய் உண்டாக்கியதால் சமையல்காரி நோல்ஃபா மிலாலோங்கோ கடமை தவறியதாகவும், இழப்பீடின்றி நீக்கப்படுவதாகவும் அதில் இருந்தது.

"அந்த ஐஸ அவங்க குடிக்கவே இல்லீங்களே. தண்ணியில கொட்டிட்டாங்க," என்றாள் நோல்ஃபா.

"குடிச்சோம்னு உர்கிதி சொல்றாரு. எட்டுப் பேரு பொய் சொல்லுவாங்களா?"

சாட்சிக் கையெழுத்து ரோசமேல் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ போய்ப் பேசாத," என்றான்.

லாரி அந்த வாரமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை படகு ஏழு பயணிகளோடும் புதிய சமையல்காரியோடும் காயலுக்குக் கிளம்பியது. கிளம்புமுன், பயணிகளுக்குப் பனியாற்று ஐஸ் மட்டுமே தரவேண்டும் என்ற முதலாளியின் அறிவிப்பை டெல்ஃபின் சமையலறைக் கதவில் ஒட்டினான்.